பேட்மேனை உருவாக்கியது யார்? ஒரு துணுக்கின் வரலாறு

வார இதழ்களில் ஒரு கதை முடிந்து பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சினால், அங்கே ஒரு துணுக்கு போட்டு நிரப்புவார்கள். இந்த நடிகரின் இயற்பெயர் என்ன, அந்தப் படத்தில் முதலில் நடிக்க இருந்தவர் யார், இந்தக் கார்ட்டூன் பூனைக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று இரண்டே வரி. படித்து "அட!" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். சினிமா, டிவி, காமிக்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சில் பாதி இந்தத் துணுக்குகள்தான். "இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரே ஒரு துணுக்கு ஐம்பது ஆண்டுகள் ரசிகர்கள் கையிலேயே பத்திரமாக இருந்து, கடைசியில் அமெரிக்காவின் மிகப் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் ஒன்றைத் தன் தலைப்பு வரியையே மாற்றி எழுத வைத்திருக்கிறது. அந்தத் துணுக்கு இதுதான்: பேட்மேனை உருவாக்கியவர் ஒருவர் அல்ல, இரண்டு பேர்.

1939இல் தொடங்கி 2015 வரை, 76 ஆண்டுகள், பேட்மேனை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்த பெயர் பாப் கேன் என்ற ஓவியருடையது மட்டுமே. இன்னொருவர் பெயர் பில் ஃபிங்கர். அவர் யார், அவர் பெயர் ஏன் விடுபட்டது, அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதை.

சூப்பர்மேனுக்குப் பிறகு

1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் பறந்து வந்தார். அதை எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷுஸ்டரும் அந்தக் கதாபாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள் என்பது காமிக்ஸ் உலகின் மிகப் புகழ்பெற்ற சோகத் துணுக்கு. இதழ் சக்கைப்போடு போட்டது. உடனே பதிப்பாளர்களுக்கு இன்னொரு நாயகன் தேவைப்பட்டான். ஆசிரியர் வின் சல்லிவன் இதைப் பற்றிச் சொன்னபோது, வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமையே ஒரு நாயகனோடு வருகிறேன் என்று தான் வாக்குக் கொடுத்ததாகப் பாப் கேன் பின்னாளில் சொன்னார்.

கேனுக்கு அப்போது 23 வயது. ஃபிங்கர் அவரைவிட ஒன்றரை வயது பெரியவர். 1914இல் டென்வர் நகரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மில்டன். வளர்ந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் பொருளாதார மந்தக் காலம், காலணிக் கடையில் விற்பனையாளர் வேலை. ஒரு விருந்தில் கேனைச் சந்தித்தார். இருவரும் பிராங்ஸில் உள்ள டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் பேச்சு வளர்ந்தது. கேன் வரைந்த சில சிறு தொடர்களுக்கு ஃபிங்கர் பெயர் போடாமல் கதை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்.

அந்த வாரக் கடைசியில் கேன் ஒரு படம் வரைந்துவிட்டு ஃபிங்கரைக் கூப்பிட்டார். பெயர் தயாராக இருந்தது: பேட்மேன். அதில் சந்தேகமில்லை, பெயர் கேனுடையது. படத்தில் இருந்தவனோ கிட்டத்தட்ட சூப்பர்மேனின் தம்பி. சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இறக்கைகள்.

ஃபிங்கர் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து வவ்வாலின் படத்தைத் தேடிக் காட்டினார். காதுகளைப் பார், என்றார். சின்ன முகமூடிக்குப் பதில் காது வைத்த முழு முகமூடி வந்தது. கண்ணில் கருவிழி வேண்டாம், வெள்ளையாக விட்டால்தான் மர்மமாக இருக்கும் என்றார். விறைத்த இறக்கைகள் போய், ஓடும்போது வவ்வால் சிறகாக விரியும் மேலங்கி வந்தது. கைரேகை விடாமலிருக்கக் கையுறை வந்தது. சிவப்பு போய்ச் சாம்பலும் கறுப்பும் வந்தன. இன்று எந்த நாட்டுக் குழந்தையும் நிழலை மட்டும் பார்த்து அடையாளம் சொல்லும் அந்த உருவம் இப்படித்தான் பிறந்தது.

1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் பேட்மேனின் முதல் கதை வெளிவந்தது. ஆறே பக்கம். எழுதியவர் ஃபிங்கர். அச்சில் இருந்த பெயர் கேனுடையது மட்டும்.

ஃபிங்கர் சேர்த்தவை

பேட்மேன் ரசிகர்கள் ஒருவரையொருவர் கேட்டு மடக்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் ஒரே ஆளிடம்தான் போய் நிற்கிறது.

புரூஸ் வெய்ன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தின் மன்னர் ராபர்ட் புரூஸிடமிருந்து பாதி. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட தளபதி அந்தோணி வெய்னிடமிருந்து பாதி. பெயரைக் கேட்டாலே பரம்பரைப் பணக்காரன் என்று தெரிய வேண்டும் என்று தேடிப் பிடித்தவர் ஃபிங்கர்.

கோத்தம் நகரம்? தொடக்கக் கதைகள் நியூயார்க்கிலேயே நடந்தன. எல்லா ஊர் வாசகனும் தன் ஊராக நினைத்துக்கொள்ளும்படி ஒரு கற்பனை நகரம் வேண்டும் என்று ஃபிங்கர் நினைத்தார். சில பெயர்களை யோசித்துக் கைவிட்டார். தொலைபேசி விவரப் புத்தகத்தைப் புரட்டும்போது கோத்தம் என்ற பெயரில் ஒரு நகைக்கடை கண்ணில் பட்டது. முடிந்தது! (கோத்தம் என்பது நியூயார்க்குக்கே ஒரு கேலிப் பெயர், வாஷிங்டன் இர்விங் 1807இல் வைத்தது. துணுக்குக்குள் ஒரு துணுக்கு.)

ராபின் ஏன் வந்தான்? தனியாகத் திரியும் நாயகன் தன் யோசனைகளை யாரிடம் சொல்வான்? ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் போல ஒருவன் வேண்டும் என்று ஃபிங்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1940 ஏப்ரலில் ராபின் வந்தான்.

ஜோக்கரின் அந்தச் சிரிப்பு? 1928இல் வந்த 'சிரிக்கும் மனிதன்' என்ற மௌனப் படத்தில் கான்ராட் ஃபைட் என்ற ஜெர்மன் நடிகர் போட்ட வேடம் அது. அந்தப் புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் ஃபிங்கர். ஜோக்கர் யாருடைய யோசனை என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. சீட்டுக்கட்டின் ஜோக்கரை வைத்துத் தானே அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்ததாக கேனின் உதவியாளர் ஜெர்ரி ராபின்சன் கடைசிவரை சொன்னார். தானும் ஃபிங்கரும் உருவாக்கியது என்றார் கேன். ஆனால் அந்தப் புகைப்படத்தைக் கொண்டுவந்தவர் ஃபிங்கர் என்பதில் கேனுக்கும் ராபின்சனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

போலீஸ் கமிஷனர் கார்டன் முதல் கதையிலேயே இருக்கிறார். சிறுவன் புரூஸின் கண்ணெதிரில் பெற்றோர் சுடப்படும் காட்சி அதே 1939இல் வந்தது. பெங்குவின், டூ-ஃபேஸ், ரிட்லர் போன்ற வில்லன்களின் முதல் கதைகள் ஃபிங்கர் எழுதியவை. 'டார்க் நைட்', அதாவது இருள் வீரன், என்ற பட்டப்பெயரும் 1940இல் அவர் எழுதிய கதையில்தான் முதலில் வந்தது. 68 ஆண்டுகள் கழித்து, 2008இல், அந்தப் பட்டப்பெயரையே தலைப்பாக வைத்து ஒரு படம் வந்து நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படத்தின் பெயர் ஃபிங்கருடையது. பெயர்ப் பட்டியலில் ஃபிங்கர் இல்லை!

ஏன் பெயர் வரவில்லை?

அந்தக் காலத்தில் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்குப் பெயர் போடும் வழக்கமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 1940இல் மார்ட்டின் நோடெல் என்ற ஓவியருடன் சேர்ந்து ஃபிங்கர் கிரீன் லேன்டர்ன் தொடரைத் தொடங்கினார். அதில் இருவர் பெயரும் அச்சாயின. நோடெலுக்கு மனம் இருந்தது, இடமும் இருந்தது.

பேட்மேன் விஷயத்தில் நடந்தது வேறு. பதிப்பாளரிடம் படத்தை எடுத்துக்கொண்டு போனவர் கேன்; பேரம் பேசியவரும் கேன். தன் பெயர் எப்போதும் வர வேண்டும், தன் பெயர் மட்டுமே வர வேண்டும் என்பது அவருடைய ஒப்பந்தத்தின் சாரம். ஃபிங்கர் அந்த அறையில் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்ததே தொடக்கத்தில் கேன்தான். பிறகுதான் நிறுவனம் நேரடியாக வேலை கொடுத்தது.

சூப்பர்மேனின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் பெயர் இருந்தது, உரிமை இல்லை. கேனுக்குப் பெயரும் இருந்தது, வாழ்நாள் முழுவதும் வருமானமும் இருந்தது. ஃபிங்கருக்கு இரண்டுமே இல்லை. கால் நூற்றாண்டு பேட்மேன் கதை எழுதினார், பக்கக் கணக்கில் கூலி வாங்கினார்.

அவரும் சாமர்த்தியசாலி இல்லை. உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றிச் சொன்னவை இரண்டு. ஒன்று, அவரளவுக்குப் படம் மனதில் ஓடும்படி எழுதுகிறவர் கிடையாது. தன் குறிப்பேட்டில் விசித்திரமான தகவல்களாகச் சேர்த்து வைப்பார். கதையோடு ஓவியருக்கு உதவியாகப் புகைப்படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் இணைத்து அனுப்புவார். பேட்மேன் ராட்சதத் தட்டச்சு இயந்திரத்தின் மேல் நின்று சண்டை போடுவது அவர் மூளையிலிருந்து வந்ததுதான். இரண்டாவது, சொன்ன தேதியில் கதை தரமாட்டார். எப்போதும் தாமதம், எப்போதும் கைமாற்று. அப்படிப்பட்டவர் எதிர்த்து நின்று கேட்கவும் மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடிதப் பக்கத்திலிருந்து ஒரு பெயர்

1960களில் ஒரு புதுக் கூட்டம் உருவானது. சிறுவயதில் படித்த காமிக்ஸை மறக்காத பெரியவர்கள். டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு வெளியிட்டார். அதனால் ஒரு ரசிகர் இன்னொரு ரசிகருக்கு நேரடியாக எழுத முடிந்தது. பழைய இதழ்களைப் பட்டியல் போடுவது, எந்தக் கதையை யார் வரைந்தார் என்று கோட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பது, கையெழுத்துப் பிரதி போலப் படியெடுத்துச் சிற்றிதழ் நடத்துவது என்று வேலைகள் தொடங்கின.

அவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி பெய்ல்ஸ். டெட்ராய்ட்டில் கல்லூரிப் பேராசிரியர். (அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பெயர் வெய்ன், அந்தோணி வெய்ன் நினைவாக வந்த பெயர்தான் அதுவும்!) 1961இல் 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கியவர். யார் எழுதினார், யார் வரைந்தார் என்று எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் நேரில் கேட்டுக் குறித்து வைப்பது அவருக்கு வெறி.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேட்மேன் இதழின் கடிதப் பக்கத்தில் ஷ்வார்ட்ஸ் ஒரு பெயரைப் போகிற போக்கில் சொன்னார்: ரிட்லரை உருவாக்கியவர் பில் ஃபிங்கர். ரசிகர்களுக்கு அது போதும். அந்த ஆண்டு கோடையில் நியூயார்க்கில் ஒரு காமிக்ஸ் மாநாடு நடந்தது. எழுத்தாளர்கள் மேடையேறிய ஓர் அமர்வில் ஃபிங்கரும் உட்கார்ந்தார். தான் செய்ததைக் கேட்டவர்களுக்குச் சொன்னார். 51 வயதில், முதல்முறையாக!

பெய்ல்ஸ் அவரைப் பேட்டி கண்டு, 1965 செப்டம்பரில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அது வந்தது உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றும் ஒரு ரசிகர் இதழில். பேட்மேனுக்குக் கதை, உருவம், பெயர்கள் தந்தவர் ஃபிங்கர் என்று முதல்முறையாக விரிவாக எழுத்தில் பதிவானது அங்கேதான். ஒரு பெரிய பத்திரிகையும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் எழுதி வைத்தாயிற்று.

கேனின் பதில்

கட்டுரை கேனின் கைக்கும் போனது. அவர் அதே மாதம் ஒரு நீண்ட பதில் எழுதினார். 'பேட்மேனியா' என்ற ரசிகர் இதழ் அதை 1967இல் வெளியிட்டது. ஃபிங்கர் தானே எல்லாவற்றையும் உருவாக்கியதுபோலக் காட்டிக்கொள்கிறார், அது முழுப் பொய், பேட்மேனை உருவாக்கியவன் நான் ஒருவனே என்பது அதன் சாரம். பின்னணியில் இருந்து எழுதுகிறவனுக்குப் பெயர் கிடைக்காது. பெயர் வேண்டுமென்றால் பின்னணியிலிருந்து வெளியே வந்து தானே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஓவியத்தில் பெரும்பகுதியைத் தானே வரைவதாக கேன் சொன்னார். 1953இலிருந்து 1967 வரை கேன் பெயரில் வந்த பக்கங்களை வரைந்தவர் ஷெல்டன் மோல்டாஃப் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். கோட்டைப் பார்த்துக் கையைக் கண்டுபிடிக்கும் ரசிகர்களிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

எல்லா ரசிகர்களும் ஃபிங்கர் பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கேனின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் பலர். அட்டையில் இருக்கும் பெயரை நம்பாமல் எங்கிருந்தோ வந்த ஒருவரின் பேச்சை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. ஃபிங்கரோ வழக்குக்குப் போகவில்லை, பத்திரிகைக்குப் போகவில்லை. பதிலுக்கு ஒரு கடிதம்கூட எழுதிச் சண்டையை வளர்க்கவில்லை.

கடைசி ஆண்டுகள்

1966 ஜனவரியில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 120 பகுதிகள் ஓடிப் பெரும்புகழ் பெற்றது. அதில் கடிகார ராஜா என்ற வில்லன் வரும் இரண்டு பகுதிக் கதையை எழுதியவர்கள் பில் ஃபிங்கரும் அவர் நண்பர் சார்லஸ் சின்கிளேரும். 1966 அக்டோபரில் ஒளிபரப்பான அந்த இரண்டு பகுதிகளில்தான், தான் உருவாக்கிய நாயகனின் கதையோடு ஃபிங்கரின் பெயர் எழுத்தாளராகத் திரையில் வந்தது. உருவாக்கியவர் என்ற வரியில் அல்ல.

1974 ஜனவரி 18 அன்று ஃபிங்கர் நியூயார்க்கில் தன் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். பார்த்தவர் சின்கிளேர். வயது 59. கல்லறை இல்லை, கல்லும் இல்லை. உடல் எரியூட்டப்பட்டது. மகன் ஃப்ரெட், சாம்பலை ஓரிகான் மாநிலத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் வவ்வால் வடிவத்தில் தூவினார். அலை வந்து எடுத்துப் போனது. பேட்மேனுக்காக அவருக்குக் கிடைத்த ஒரே நினைவுச் சின்னம் சில நிமிடங்கள் இருந்தது.

அடுத்த ஆண்டே ஒரு திருப்பம் நடந்தது, ஆனால் சூப்பர்மேனுக்கு. வறுமையில் இருந்த சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் ஆதரவாக ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் களத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகள் எழுதின. 1975 டிசம்பரில் நிறுவனம் ஓய்வூதியம் தர ஒப்புக்கொண்டது. அவர்கள் பெயர்களும் திரும்ப வந்தன. இரண்டு ஆண்டுகள் முன்னதாக ஃபிங்கர் போய்விட்டார். ஓர் இயக்கம் நடத்த உயிரோடு ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது!

1989இல் பேட்மேன் திரைப்படம் அமெரிக்காவில் மட்டும் 25 கோடி டாலர் வசூலித்தது. கேன் அதற்கு ஆலோசகர். அதே ஆண்டு வந்த தன் சுயசரிதையில், ஃபிங்கருக்கு உரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும், காலத்தைப் பின்னுக்குத் திருப்ப முடிந்தால் அவர் இறப்பதற்கு முன் அவர் பெயரையும் சேர்த்திருப்பேன் என்ற பொருளில் கேன் எழுதினார். நல்ல வார்த்தைகள். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். பெயர்ப் பட்டியல் மாறவில்லை. 1998இல் இறந்த கேனின் கல்லறைக் கல்லில், பேட்மேனை உருவாக்கியவர் என்று நீளமாகப் பொறித்திருக்கிறது.

பேத்தி

இதற்கிடையே துணுக்கு மட்டும் சாகவில்லை. ஜிம் ஸ்டெராங்கோ 1970இல் எழுதிய காமிக்ஸ் வரலாற்றில் ஃபிங்கரின் சொற்கள் இடம்பெற்றன. பிறகு வந்த ஒவ்வொரு ரசிகர் இதழிலும், மாநாட்டுப் பேச்சிலும் "உண்மையில் ஃபிங்கர்தான்…" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2005இல் ராபின்சனின் யோசனைப்படி, உரிய பெயர் கிடைக்காத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்காகச் சான் டியேகோ மாநாட்டில் ஃபிங்கர் பெயரில் ஒரு விருது தொடங்கியது.

ஆனாலும் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை. உரிமை கேட்க வாரிசு வேண்டும். ஃபிங்கரின் ஒரே மகன் ஃப்ரெட் 1992இல் இறந்துவிட்டார். அவருக்குக் குழந்தை இல்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். துணுக்குகளும் அப்படியே சொல்லின.

மார்க் டைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் சிறுவர்களுக்காக ஃபிங்கரின் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். ஒரு படப் புத்தகம்தான். ஆனால் அதற்கு அவர் செய்த வேலை துப்பறியும் வேலை. பள்ளிப் பதிவுகள், பழைய தொலைபேசி எண்கள், உறவினர்கள் என்று நூற்றுக்கணக்கான பேரைத் தேடிப் பேசினார். அதில்தான் அந்தச் செய்தி கிடைத்தது: ஃப்ரெட்டுக்கு ஒரு மகள் இருக்கிறார். பெயர் அதீனா. தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்.

நோபிள்மனின் புத்தகம் 2012இல் வந்தது. ரசிகர்கள் இப்போது வெறும் கருத்துச் சொல்லவில்லை. ஆதாரமும் இருந்தது, கேட்க ஆளும் இருந்தது. அதீனா நிறுவனத்தோடு பேச்சு நடத்தினார். 2015 செப்டம்பரில் டிசி நிறுவனம் அறிவித்தது: இனி பேட்மேன் வரும் இடத்தில் ஃபிங்கர் பெயரும் வரும். அந்த ஆண்டு இதழ்களிலும் 'கோத்தம்' தொலைக்காட்சித் தொடரிலும், 2016இல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' திரைப்படத்திலும் வந்தது.

பெய்ல்ஸின் கட்டுரை 1965 செப்டம்பர். அறிவிப்பு 2015 செப்டம்பர். சரியாக ஐம்பது ஆண்டுகள். பெய்ல்ஸ் அதைப் பார்க்க இல்லை, 2006இல் காலமாகிவிட்டார்.

'உம்' அல்ல, 'உடன்'

புதிய வரியைக் கவனமாகப் படித்த ரசிகர்கள் உடனே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கியது என்று அது சொல்லவில்லை. பில் ஃபிங்கருடன் பாப் கேன் உருவாக்கியது என்கிறது. 'உம்' போட்டால் இருவரும் சமம். 'உடன்' போட்டால் ஒருவர் முன்னால், ஒருவர் பக்கத்தில். ஒரு சின்ன இடைச்சொல்தான்; ஆனால் இதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. பாதி நீதிதான் கிடைத்தது என்று ஒரு சாரார். ஒன்றுமே இல்லாத இடத்தில் இது பெரிது என்று இன்னொரு சாரார்.

கேனின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெயர் அவருடையது. முதல் அடி எடுத்து வைத்தவர் அவர். சீகலும் ஷுஸ்டரும் ஏமாந்ததுபோல ஏமாறாமல், ஓவியனுக்கும் பேரம் பேசத் தெரியும் என்று காட்டியவர் அவர். அவர் திங்கட்கிழமை கதவைத் தட்டியிருக்காவிட்டால் பேட்மேனே இல்லை. தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கியது குற்றமில்லை. பக்கத்தில் இருந்தவரின் பங்கைச் சொல்லாமல் விட்டதும், அவரே சொன்னபோது பொய்யர் என்றதும்தான் மன்னிக்க முடியாதவை.

துணுக்குகளால் என்ன பயன்?

துணுக்குகள் எல்லாம் உண்மை இல்லை. ஃப்ரெட்டுக்குக் குழந்தை இல்லை என்பதும் பல ஆண்டுகள் சுற்றிய துணுக்குதான். அட்டையில் அச்சாகியிருந்த பெயரே முழு உண்மை இல்லையே! ஆகவே ஒரு துணுக்கைக் கேட்டால் யார் சொன்னார், எப்போது சொன்னார், அதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். பெய்ல்ஸ் செய்தது அதைத்தான். நோபிள்மன் செய்ததும் அதைத்தான். இருவருக்கும் இதை யாரும் வேலையாகக் கொடுக்கவில்லை. பிடித்த ஒரு கதையை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமே.

பெரிய நிறுவனங்களின் ஆவணங்களில் சம்பளம் வாங்கியவன் பெயர் இருக்கும், யோசனை சொன்னவன் பெயர் இருக்காது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள ரசிகனை விட்டால் வேறு ஆள் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து படிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அங்கே யாருடைய பெயர் இல்லை என்பதையும் அவன்தான் கவனிப்பான்.

பிராங்ஸில் எட்கர் ஆலன் போ வாழ்ந்த சிறு வீடு இருக்கும் பூங்காவில்தான் கேனும் ஃபிங்கரும் உட்கார்ந்து கதை பேசுவார்களாம். 2017 டிசம்பரில் அந்தப் பூங்காவுக்கு அருகே ஒரு தெரு முனைக்கு நியூயார்க் நகரம் புதுப் பெயர்ப் பலகை மாட்டியது. பில் ஃபிங்கர் வழி என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியில் வேறு யார் பெயரும் இல்லை.